காத்திருக்கும் நேரத்துக்குக் கணக்கு கண்டுபிடித்த எர்லாங்: உங்க பஸ் லேட்டுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

காலை 8.30 மணி. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். இந்த ரூட்டில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று சொல்கிறார்கள். அப்படின்னா சராசரியா 5 நிமிடம் நின்றால் போதும், இல்லையா? ஆனால் உங்களுக்கு அப்படி நடப்பதே இல்லை. ஒரு நாள் 2 நிமிடத்தில் வருகிறது. இன்னொரு நாள் 20 நிமிடம் ஆகிறது, அப்புறம் ரெண்டு மூணு பஸ் ஒண்ணா வந்து நிக்குது. நம்ம ராசி அப்படி என்று நினைத்துக்கொண்டு மொபைலைப் பார்க்கிறீர்கள்.

ராசியெல்லாம் இல்லை. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் அடித்தளத்தைப் போட்டவர் பஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் இல்லை; டென்மார்க்கில் ஒரு டெலிபோன் கம்பெனியில் இருந்தவர். பெயர் ஆக்னர் கிராருப் எர்லாங். ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு எர்லாங் என்றால் ஒரு புரோகிராமிங் மொழி ஞாபகம் வரும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இவர்தான்.

யார் இந்த எர்லாங், அவர் கண்டுபிடித்தது என்ன, தினமும் வேலைக்குப் போய் வரும் உங்களுக்கு அது ஏன் முக்கியம்? பார்க்கலாம்.

தலைகீழாகப் படித்த பையன்

எர்லாங் பிறந்தது 1878 ஜனவரி 1-ம் தேதி, டென்மார்க்கின் ஜட்லாண்ட் பகுதியில் உள்ள லோன்போர்க் என்ற கிராமத்தில். அப்பா ஊர்ப் பள்ளி ஆசிரியர். அம்மா பாதிரியார்கள் நிறைந்த குடும்பத்தில் இருந்து வந்தவர். அம்மா வழி முன்னோர்களில் தாமஸ் ஃபிங்கே என்ற கணித அறிஞரும் உண்டு. பள்ளியில் நாம் படித்த டான்ஜென்ட், சீக்கன்ட் என்ற சொற்களை 1583-ல் கணிதத்துக்குக் கொண்டு வந்தவர் அவர்.

எர்லாங்குக்கு ஒரு அண்ணன், இரண்டு தங்கைகள். மாலையில் அண்ணன் புத்தகம் படிக்கும்போது தம்பி எதிரே உட்கார்ந்துகொள்வார். புத்தகம் ஒன்றுதான், அது அண்ணன் பக்கம் திரும்பியிருக்கும். அதனால் தம்பி அதைத் தலைகீழாகவே படிக்கப் பழகிவிட்டார்.

14 வயதில் கோபன்ஹேகன் போய் ஒரு தேர்வு எழுதினார். வயது போதாது என்பதால் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது; எழுதி, சிறப்பாகவே தேறினார். ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் அப்பாவின் பள்ளியிலேயே பாடம் எடுத்தார். 1896-ல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறி, உதவித்தொகையோடு கோபன்ஹேகனுக்குப் போனார். வீட்டில் பெரிய வசதி கிடையாது. கணிதத்தை முதன்மைப் பாடமாகவும், வானியல், இயற்பியல், வேதியியலைத் துணைப் பாடங்களாகவும் எடுத்து 1901-ல் முதுகலைப் பட்டம் வாங்கினார்.

படிப்பு முடிந்ததும் பெரிய ஆராய்ச்சி வேலை எதுவும் கிடைத்துவிடவில்லை. அடுத்த 7 வருஷம் பள்ளிகளில் பாடம் நடத்தினார். கணிதத்தை மட்டும் விடவில்லை. 1904-ல் ஹைகன்ஸின் கணித முறைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பல்கலைக்கழகத்தின் பாராட்டைப் பெற்றார். டென்மார்க் கணிதச் சங்கத்தின் கூட்டங்களுக்கும் தவறாமல் போய்வந்தார்.

ஒரு சந்திப்பு, ஒரு வேலை

அந்தக் கூட்டங்களில்தான் யோஹான் யென்சனின் பழக்கம் கிடைத்தது. யென்சன் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். கணிதம் அவருக்குப் பகுதிநேரக் காதல்தான். ஆனாலும் யென்சன் சமனிலி இன்றைக்கும் புள்ளியியல், மெஷின் லேர்னிங் படிப்பவர்கள் எல்லோரும் தாண்டி வர வேண்டிய பாடம். அவர் எர்லாங்கைத் தன் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ஃப்ரிட்ஸ் யோஹான்சனிடம் அறிமுகப்படுத்தினார்.

யோஹான்சனிடம் ஒரு நடைமுறைத் தலைவலி இருந்தது. அந்தக் காலத்தில் போன் செய்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டர் கையால் இணைப்புக் கொடுக்க வேண்டும். லைன்கள் எல்லாம் பிஸியாக இருந்தால் உங்கள் அழைப்பு போகாது. அதிக லைன் போட்டால் செலவு கூடும், குறைத்தால் வாடிக்கையாளர் கடுப்பாவார். எத்தனை லைன், எத்தனை ஆபரேட்டர் போதும்? இதற்கு நிகழ்தகவு மூலம் விடை காண முடியுமா என்று பார்க்கத்தான் 1908-ல் எர்லாங்கை வேலைக்கு எடுத்தார்கள். அப்போது அவருக்கு 30 வயது.

ஆபீஸில் உட்கார்ந்து பேப்பரில் கணக்குப் போடுவது மட்டும் வேலை இல்லை. கேபிள்களுக்குச் சேதம் வராமல் தடுக்க, மண்ணுக்கடியில் கசியும் மின்னோட்டத்தை அளக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அவருக்கு ஆய்வக உதவியாளர்கள் இல்லை. ஏணியைத் தூக்கிவரும் ஒரு தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு, கோபன்ஹேகன் தெருக்களில் கேபிள் குழிகளுக்குள் தானே இறங்கி அளந்தார்.

சராசரி எங்கே ஏமாற்றுகிறது?

1909-ல் எர்லாங் தன் முதல் முக்கியமான கட்டுரையை வெளியிட்டார். யார் எப்போது போன் செய்வார் என்று தனித்தனியாகச் சொல்லவே முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவரோடு தொடர்பில்லாமல் தன்பாட்டுக்கு அழைத்தால், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வரும் அழைப்புகளின் எண்ணிக்கை பாய்சான் பரவல் என்ற ஒழுங்குக்குள் அடங்கும் என்று அதில் காட்டினார். ஒருத்தரைக் கணிக்க முடியாது, கூட்டத்தைக் கணிக்கலாம்.

அடுத்த பெரிய அடி 1917-ல். தானியங்கி எக்ஸ்சேஞ்சுகள் வரத் தொடங்கிய நேரம். எல்லா லைனும் பிஸியாக இருந்து அழைப்பு போகாமல் போக எவ்வளவு வாய்ப்பு, வரிசையில் நின்றால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் சூத்திரம் கொடுத்தார்.

இதை ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 10 அழைப்பு வருகிறது. ஒவ்வொன்றும் சராசரியாக 6 நிமிடம். மொத்தம் 60 நிமிடம். அப்போ ஒரே ஒரு லைன் போதும், கணக்கு கச்சிதம் என்று மேனேஜர் சொல்லலாம். எர்லாங்கின் சூத்திரத்தைப் போட்டால், ஒரு லைன் இருக்கும்போது அழைப்புகளில் சரிபாதி, அதாவது 50 சதவீதம், போகாமலே போகும். 2 லைன் போட்டால் 20 சதவீதம். 3 லைனுக்கு சுமார் 6 சதவீதம். 4 லைன் போட்டால்தான் 1.5 சதவீதத்துக்கு இறங்குகிறது.

ஏன்? அழைப்புகள் வரிசையாக 6 நிமிடத்துக்கு ஒன்று என்று வருவதில்லை. சில நேரம் மூணு ஒண்ணா வரும், சில நேரம் அரை மணி நேரம் ஒண்ணும் வராது. சும்மா கிடந்த நேரத்தைச் சேர்த்து வைத்து, நெரிசல் நேரத்தில் செலவு செய்ய முடியாது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நஷ்டம் கண்ணிலேயே படாது.

இதில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். லைன் கிடைக்காமல் போனை வைத்துவிட்டவர் பில்லில் வரமாட்டார். கம்பெனிக் கணக்கில் அவர் இல்லவே இல்லை. எர்லாங் செய்தது, பதிவேட்டில் இல்லாத அந்த மனிதருக்கும் ஒரு எண் கொடுத்ததுதான். பிரிட்டன் தபால் துறை உட்பட, பல நாட்டுத் தொலைபேசி நிர்வாகங்கள் அவருடைய சூத்திரங்களை எடுத்துக்கொண்டன.

சரி, பஸ்ஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எர்லாங் புகழ் பெற்றது டெலிபோன் வேலைக்காகத்தான். ஆனால் அவர் தொடங்கிய வரிசைக் கோட்பாடு பின்னாளில் துறைமுகம், விமான நிலையம், மருத்துவமனை, பஸ் என்று எல்லா இடத்துக்கும் போனது. காத்திருப்பது எங்கேயும் காத்திருப்பதுதானே.

ஆரம்பத்தில் பார்த்த பஸ் ஸ்டாப்புக்கு வருவோம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ். நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்கள் கடிகாரம் மாதிரி சரியாக 10 நிமிட இடைவெளியில் வந்தால், சராசரியாக 5 நிமிடம் நிற்பீர்கள். சரி.

இப்போது ஒரு இடைவெளி 5 நிமிடம், அடுத்தது 15 நிமிடம் என்று மாறி மாறி வருகிறது. சராசரி இடைவெளி அதே 10 நிமிடம்தான். ஆனால் நீங்கள் எந்த இடைவெளியில் போய் மாட்டுவீர்கள்? 20 நிமிடத்தில் 15 நிமிடம் நீண்ட இடைவெளி. அதனால் நாலில் மூணு தடவை நீண்ட இடைவெளியில்தான் மாட்டுவீர்கள். சராசரிக் காத்திருப்பு 6.25 நிமிடம் ஆகிவிடும். இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டே வந்து, அப்புறம் 20 நிமிடம் ஒண்ணுமே இல்லை என்றால் காத்திருப்பு 10 நிமிடம். பஸ்கள் முழுக்க முழுக்கத் தாறுமாறாக, எர்லாங்கின் போன் அழைப்புகள் மாதிரி வந்தாலும் அதே 10 நிமிடம்.

அந்தத் தாறுமாறான நிலையில் இன்னொரு கொடுமையும் உண்டு. இவ்வளவு நேரம் நின்னாச்சு, இனி வந்துடும் என்று நினைப்போம். கணக்கு அதை ஒப்புக்கொள்ளாது. 10 நிமிடம் நின்ற பிறகும், இனி நிற்க வேண்டியது சராசரியாக இன்னும் 10 நிமிடம். நீங்கள் ஏற்கெனவே நின்றதை அந்த அமைப்பு நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை.

நீண்ட இடைவெளியில் அதிகம் பேர் மாட்டுகிறார்கள் என்பதால், சீரின்மை எப்போதும் காத்திருப்பைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. இதைப் பொதுவாக நிரூபிக்க உதவும் கருவி யென்சன் சமனிலி. எர்லாங்கை டெலிபோன் கம்பெனிக்குள் கூட்டிப்போன அதே யென்சன்!

பஸ்கள் ஏன் ஒட்டிக்கொண்டு வருகின்றன? 1964-ல் கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இருவர் இதைக் கணித மாதிரியாக்கினார்கள். ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால், அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் அதிகமாகச் சேர்ந்திருக்கும். ஏற்ற நேரம் ஆகும், இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளே இருக்காது, வேகமாக வந்து முன்னால் இருப்பதைப் பிடித்துவிடும். டிரைவர் மேல் தப்பே இல்லாமல் இது நடக்கும்.

பயண நேரத்துக்கு எர்லாங் பரவல்

காத்திருப்பது பாதிக் கதை. ஏறின பிறகு எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் நிச்சயமில்லை. இங்கேதான் எர்லாங் பரவல் உதவுகிறது.

ஒரு வேலை பல கட்டங்களாக நடக்கிறது, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியாது. மொத்த நேரம் எப்படி இருக்கும்? கட்டங்களைக் கூட்டினால் கிடைக்கும் வடிவம்தான் எர்லாங் பரவல். உங்கள் பயணமும் அப்படித்தானே: ஸ்டாப்பில் நிற்பது, முதல் பஸ், சிக்னல், மாறி ஏறுவது, கடைசி நடை. பயண நேரம் மைனஸில் போக முடியாது, குறைவதற்கும் ஓரளவுக்கு மேல் வழியில்லை. ஆனால் கூடுவதற்கு எல்லையே இல்லை. இந்த வலதுபக்கம் நீண்ட வால் எர்லாங் பரவலிலும் இருக்கிறது. அதனால்தான் பஸ் இடைவெளி, பயண நேரம் பற்றிய ஆய்வுகளில் எர்லாங் பரவலும் அதன் பொது வடிவமான காமா பரவலும் அடிக்கடி தலைகாட்டுகின்றன.

இதையும் எண்ணில் பாருங்கள். உங்கள் பயணம் சராசரியாக 40 நிமிடம். அது தலா 10 நிமிடச் சராசரி கொண்ட 4 பெரிய கட்டங்கள் சேர்ந்தது என்று எர்லாங் மாதிரியில் போட்டால், 20 நாளில் 19 நாள் நேரத்துக்குப் போய்ச் சேர சுமார் 78 நிமிடம் ஒதுக்க வேண்டும். அதே 40 நிமிடம் தலா 2.5 நிமிடம் கொண்ட 16 சின்னக் கட்டங்களாக இருந்தால் சுமார் 58 நிமிடம் போதும். சின்னச் சின்ன தாமதங்கள் ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்ளும். பெரிய தாமதத்தை ஈடுகட்ட ஆளில்லை.

இரண்டு பயணத்துக்கும் சராசரி ஒன்றுதான். ஆனால் ஒருவர் வீட்டை விட்டு 20 நிமிடம் முன்னாடியே கிளம்ப வேண்டியிருக்கிறது. தினமும்! அந்த 20 நிமிடத் தூக்கம் எந்த அறிக்கையிலும் செலவாக எழுதப்படுவதில்லை. ஃப்ளெக்ஸி டைம் இருக்கும் ஆபீஸில் 10 நிமிடம் லேட்டானால் ஒரு மெசேஜ் தட்டிவிடலாம். ஷிஃப்ட் வேலையில் இருப்பவருக்கு அதே 10 நிமிடம் அரை நாள் சம்பளமாகப் போகலாம். நிச்சயமின்மை எல்லோருக்கும் ஒரே விலையில் வருவதில்லை.

கணக்கு சறுக்கும் இடம்

எர்லாங் மாதிரியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கட்டங்கள் ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். நம் ஊர் மழை நாளை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸும் லேட், சிக்னலும் ஜாம், மாறி ஏற வேண்டிய வண்டியும் லேட். எல்லாத் தாமதமும் சேர்ந்தே வரும். ஒன்றை ஒன்று ஈடுகட்டாது. அப்போது உண்மையான வால் கணக்கில் வருவதைவிட நீளமாக இருக்கும். அதனால் இன்றைய ஆய்வாளர்கள் மழை நாள், வழக்கமான நாள், விபத்து நாள் என்று பிரித்து மாதிரி அமைக்கிறார்கள், ஜி.பி.எஸ். தரவை வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

ஆனாலும் அடிப்படைப் பாடம் மாறவில்லை. தாறுமாறாக ஓடும் ரூட்டில் காத்திருப்பை 10 நிமிடத்தில் இருந்து 5 ஆக்க இரண்டு வழி. ஒன்று, அதே தாறுமாறோடு பஸ்களை இரண்டு மடங்காக்குவது. இன்னொன்று, இருக்கும் பஸ்களையே சீரான இடைவெளியில் ஓட்டுவது. முழுக்கச் சீராக ஓட்டுவது நடக்காத காரியம்தான். ஆனால் 5 நிமிடம், 15 நிமிடம் என்ற அளவுக்குக் கட்டுப்படுத்தினாலே காத்திருப்பு 6.25-க்கு வந்துவிடும். பஸ் தனிப்பாதை, இடையில் சில ஸ்டாப்புகளில் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து இடைவெளியைச் சரிசெய்வது, ஏறுவதற்கு முன்பே டிக்கெட் வாங்குவது எல்லாம் இதற்காகத்தான்.

எர்லாங்கின் கடைசி நாள்கள்

எர்லாங் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் பெரும் பங்கு கணிதம், வானியல், இயற்பியல் புத்தகங்களுக்குப் போனது. மீதியில் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு உதவினார். கஷ்டத்தில் இருந்தவர்கள் அவருடைய ஆய்வகத்துக்கே தேடி வருவார்கள். சத்தம் போடாமல் கொடுத்து அனுப்புவார். கட்டுரைகளையும் அப்படித்தான் எழுதினார், மிகச் சுருக்கமாக. சில இடங்களில் நிரூபணம்கூட இருக்காது.

ஏறத்தாழ 20 வருஷம் அந்த டெலிபோன் கம்பெனியில் உடம்பு சரியில்லை என்று லீவு போடாமல் வேலை பார்த்தார். 1929 ஜனவரியில் வயிற்றில் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. பிப்ரவரி 3-ம் தேதி காலமானார். வயது 51.

1946-ல் சர்வதேசத் தொலைபேசி ஆலோசனைக் குழு, தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு எர்லாங் என்றே பெயர் வைத்தது. மேலே பார்த்த 10 அழைப்பு, 6 நிமிடக் கணக்கு சரியாக 1 எர்லாங். 1948-ல் அவர் பணியாற்றிய கம்பெனி அவருடைய வாழ்க்கையையும் கட்டுரைகளையும் நூலாக வெளியிட்டது. 1980-களில் எரிக்சன் நிறுவனம் தன் புரோகிராமிங் மொழிக்கு அவர் பெயரை வைத்தது. வாட்ஸ்அப் சர்வர்கள் அந்த மொழியில் எழுதப்பட்டவை. பஸ் ஸ்டாப்பில் நின்றபடி, இன்னும் பஸ் வரலை என்று நீங்கள் அனுப்பும் மெசேஜும் அவர் பெயரைத் தாங்கிய மொழி வழியாகத்தான் போகிறது!

நீங்கள் செய்து பார்க்கலாம்

உங்கள் பயண நேரத்தை 20 வேலை நாள் மொபைலில் குறித்து வையுங்கள். வீட்டு வாசலில் இருந்து ஆபீஸ் வாசல் வரை. சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நேரங்களைச் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கி, 19-வது இடத்தில் இருப்பதைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், உங்கள் ஊர்ப் போக்குவரத்தின் நிச்சயமின்மைக்காக நீங்கள் தினமும் கட்டும் கட்டணம். வீடு மாறும்போது வாடகையோடு அதையும் சேர்த்துப் பாருங்கள். பஸ் நிர்வாகம் சராசரி இடைவெளி 10 நிமிடம் என்று சொன்னால், அந்த 19-வது நாளைப் பற்றிக் கேளுங்கள்.